மெய்ப்பு பார்க்கும் கண்

நுழையும்முன்

நூலின் அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும். உள்ளே வெளியிட்டவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கும். அந்நூல் அச்சேறும்முன் அதனை எழுத்தெண்ணிப் படித்துப் பிழை நீக்கியவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. காவிரிப் படுகையில் அப்பணி வளர்ந்த வரலாற்றையும், இன்று ஒருவர் தம் எழுத்தைத் திருத்துநர் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது கருத வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

தாம் எழுதியதைத் தாமே படிக்கும்போது கண் எழுத்தைப் படிப்பதில்லை; மனம் தான் முன்பே அறிந்த தொடரைப் படிக்கிறது. 'நாற்றங்கால்' என்று எழுத நினைத்தவர் 'நாற்றங்கல்' என்று எழுதியிருந்தாலும், அவருக்கு அது நாற்றங்காலாகவே தோன்றும். பத்து முறை படித்தும் அவருக்குப் புலப்படாத அப்பிழை, அத்தாளை முதன்முறையாகக் கையில் எடுக்கும் மற்றொருவருக்கு ஒரு நொடியில் புலப்பட்டுவிடும். இதற்குக் கல்விக்குறைவு காரணம் அன்று. பெரும்புலவர்களும் தம் நூல்களைப் பிறர் பார்வைக்கு உட்படுத்தியே வெளியிட்டனர்.

அச்சகத்தில் எழுத்துகளைக் கோத்து முடித்தவுடன் சரிபார்ப்பதற்காக எடுக்கப்படும் படி 'மெய்ப்பு' எனப்படும். அச்சகங்களில் 'புரூஃப்' என்னும் சொல்லே நெடுங்காலம் வழங்கியது, இன்றும் வழங்குகிறது. மூலப்படியோடு மெய்ப்பை ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்து, மிகுந்ததை நீக்கி, இடம் மாறியதை நேராக்குவது மெய்ப்புத் திருத்தம். அதனினும் ஒருபடி மேற்சென்று, எழுதியவரின் கருத்தையும் நடையையும் மாற்றாமல் தொடர்ப்பிழைகளையும் பொருள் மயக்கத்தையும் களைவது மொழிச்செப்பம். நூலின் அமைப்பையும் செய்திகளின் உண்மையையும் ஆராய்வது பதிப்பாசிரியர் பணி. மூன்றும் வெவ்வேறானவை.

ஊர் வரலாறு ஒன்றில் பின்வரும் தொடர் இருப்பதாகக் கொள்வோம்: '1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் ஆற்றின் கறை உடைந்து பல ஊர்கள் மூழ்கியது.' மெய்ப்புத் திருத்துநர் 'கறை' என்பதைக் 'கரை' என்று மாற்றுவார். மொழிச்செப்பம் செய்பவர் அதனோடு 'மூழ்கியது' என்னும் ஒருமை வினையை 'மூழ்கின' எனப் பன்மையாக்குவார். பதிப்பாசிரியரோ, எந்த ஆறு, எந்த இடத்தில் உடைப்பெடுத்தது, மூழ்கிய ஊர்கள் யாவை, இச்செய்திக்குச் சான்று என்ன என்று எழுதியவரிடம் வினவுவார். முதற்பணிக்குப் பேசிய ஊதியத்தில் மூன்றாம் பணியை எதிர்பார்ப்பதும், முதற்பணியை மட்டும் கேட்டவரின் எழுத்தில் மூன்றாம் பணியைத் தாமே தொடங்கிவிடுவதும் மனக்கசப்பில் முடிகின்றன.

எழுதுபவர் வேறு, ஒப்பிடுபவர் வேறு என்னும் பிரிவினையைச் சோழர் ஆட்சி நன்கு அறிந்திருந்தது. மன்னர் வாய்மொழியாக இட்ட ஆணையைத் 'திருமந்திர ஓலை' என்னும் அலுவலர் எழுதினார். எழுதப்பட்டதைத் 'திருமந்திர ஓலைநாயகம்' என்னும் உயர் அலுவலர் ஒப்பிட்டு ஏற்பளித்தார். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகளில் இவ்வலுவலர்களைக் காணலாம். செம்பிலும் கல்லிலும் ஏறிய எழுத்தை அழித்தெழுதுவது எளிதன்று. நிலத்தின் எல்லையைக் குறிக்கும் வாய்க்காலின் பெயர் ஒன்று மாறிவிட்டால், அதனால் விளையும் வழக்கு தலைமுறைகளுக்கு நீளும். ஓலையை ஒப்பிடுவதற்கென்றே உயர் அலுவலர் ஒருவர் இருந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

அச்சுக்கலையும் இப்பகுதிக்கு முற்பட்டே வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நிறுவிய அச்சகத்துக்கு 1713ஆம் ஆண்டு செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சாகியது. தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோசி மன்னரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் ஒன்றை நடத்தினார். நாட்டு மக்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியபின் ஏட்டுச்சுவடிகள் நூல்களாகத் தொடங்கின.

ஏட்டிலிருந்து தாளுக்கு மாறியபோது பிழையின் தன்மையும் மாறிற்று. ஏடெழுதுவோர் செய்த பிழை அந்த ஒரு சுவடியோடும் அதனைப் பார்த்தெழுதிய சுவடிகளோடும் நின்றது. அச்சில் நிகழ்ந்த பிழையோ ஒரே நாளில் அனைத்துப் படிகளிலும் பரவிற்று. ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவில் அமைந்தன. ஆகவே ஏட்டைப் பார்த்து எழுதுவதே ஓர் ஆராய்ச்சி ஆயிற்று. அக்காலப் புலவர்கள் இப்பணியைப் 'பரிசோதித்தல்' என்று குறித்தனர். முகப்புப் பக்கங்களில் பரிசோதித்தவரின் பெயரைத் தவறாமல் அச்சிட்டனர்.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இத்துறையில் முன்னோடி. 'நாவலர்' என்னும் பட்டத்தை அவருக்கு 1849இல் வழங்கியது காவிரிக்கரைத் திருவாவடுதுறை ஆதீனம். இளமையில் அவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்று மொழியைச் செப்பம் செய்தார். சைவத்தில் ஆழ்ந்த பற்றுடையவர், தம் சமயம் சாராத நூலின் தமிழைச் சீர்செய்தார் என்பது எண்ணத்தக்கது. எழுத்தின் கருத்து உரியவருடையது; மொழியின் செம்மையே திருத்துநரின் பொறுப்பு. சி.வை. தாமோதரனார் 1868இல் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைப் பரிசோதித்தவரும் நாவலரே.

இப்பணியின் முழு அளவையும் உ.வே. சாமிநாதரின் வாழ்க்கையிற் காணலாம். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் கல்வி கற்று, 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் அங்கு முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். நூல் 1887இல் வெளிவந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் ஏடு தேடுவதிலும், ஏட்டோடு ஏட்டை ஒப்பிடுவதிலும், இறுதியில் மெய்ப்பைத் திருத்துவதிலும் கழிந்தன.

சிந்தாமணி சமணக் காப்பியம். சாமிநாதர் சைவச் சூழலில் கற்றவர். அதில் வரும் சமயச் சொற்கள் சில ஏடெழுதியோரின் பிழையோ, உரிய வழக்கோ என்று அவரால் துணிய இயலவில்லை. தாமே ஒன்றை ஊகித்துத் திருத்திவிட அவர் முயலவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். பிழை என ஐயுற்றவை பல, சமண மரபில் வழங்கும் சொற்களே என்பது தெளிவாயிற்று. பின்னர் 1898இல் மணிமேகலையை வெளியிட்டபோது, பௌத்தக் கோட்பாடுகளைக் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுத் தெளிந்தார். மொழியறிந்தவர் எல்லாப் பொருளும் அறிந்தவர் அல்லர். பொருளறிந்தவரைத் தேடிச் சென்று கேட்பதும் திருத்துநர் பணியின் ஒரு பகுதி.

நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாகக் காட்டிய அடிகள் பல, எந்நூலைச் சேர்ந்தவை என்பதே அந்நாளில் விளங்கவில்லை. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபின் அவை சங்க நூல்களின் அடிகள் என்று தெரிந்தது. விளங்காத அடிகளைச் சிதைந்தவை என்று கருதித் தம் விருப்பம்போல் சீர்செய்திருந்தால், சங்க இலக்கியத்துக்குச் சென்ற வழித்தடம் ஒன்று அழிந்திருக்கும். குறிஞ்சிப்பாட்டிலும் பூப்பெயர்கள் சில ஏடுகளில் விடுபட்டிருந்தன. யாப்பில் வல்ல புலவர் ஒருவர் அவ்விடத்தை ஏதேனும் ஒரு பூவின் பெயரால் நிரப்பிவிடலாம். ஓசையும் பொருந்தும், படிப்பவர் எவரும் ஐயுறமாட்டார். சாமிநாதர் அவ்வாறு செய்யவில்லை. தேடலைத் தொடர்ந்து, விடுபட்டவற்றைத் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கண்டெடுத்தார். பிழையைக் காணும் ஆற்றலினும், தெரியாததைத் தொடாமல் விடும் பொறுமை அரிது.

அவர் கற்பித்தது கும்பகோணத்தில். நூல் அச்சானது சென்னையில். விடுமுறைகளில் சென்னை சென்று தங்கி அச்சுவேலையைக் கவனித்தார். இத்தனையையும் ஒருவர் தனித்துச் செய்ய இயலாது. திருமானூர் கிருஷ்ணையர், மணலூர் ம.வீ. இராமானுசாசாரியார் போன்றோர் ஏடு படிக்கவும் ஒப்பிடவும் உதவினர். பிற்காலத்தில் கி.வா. ஜகந்நாதன் அவ்விடத்தில் இருந்தார். உதவியவர்களைத் தம் முன்னுரைகளில் பெயர் சுட்டி நினைவுகூர்வது சாமிநாதரின் வழக்கம். சிந்தாமணி வெளிவந்தபின் அதில் குறைகண்டு கண்டனங்கள் எழுந்தன. அவற்றோடு போராடுவதில் காலத்தைச் செலவிடாமல் அவர் அடுத்த நூலுக்குச் சென்றார். உறுதிப்பட்ட பிழைகளைப் பின்வந்த பதிப்புகளில் களைந்தார். சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இலும் மூன்றாம் பதிப்பு 1922இலும் வந்தன. முதற்பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் இடையே 35 ஆண்டுகள்.

மேலைநாட்டிலும் இத்தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. செருமனியின் லைப்சிக் நகரில் 1608ஆம் ஆண்டு ஹீரோனிமுஸ் ஹார்ன்ஷுக் என்பவர் மெய்ப்புத் திருத்துநர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். மருத்துவம் பயின்றுகொண்டே அச்சகத்தில் திருத்துநராக உழைத்தவர் அவர். தெளிவற்ற கையெழுத்துப்படியைக் கொடுத்துவிட்டுப் பிழைக்கு அச்சகத்தைப் பழிக்கும் எழுத்தாளர்களை அந்நூல் கடிகிறது. நானூறு ஆண்டுகளில் அக்குறை பெரிதும் மாறிவிடவில்லை. இலண்டனில் 1631இல் அச்சான விவிலியப் பதிப்பு ஒன்றில், பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் இருந்த எதிர்மறைச் சொல் விடுபட்டுப்போயிற்று. விலக்கப்பட்ட செயல் விதிக்கப்பட்ட செயலாக மாறியது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது.

இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் அச்சுக்கோப்பவரின் வேலையை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து சேர்த்துவிட்டன. தஞ்சை, குடந்தை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளிகளின் நூற்றாண்டு மலர்கள், ஊர் வரலாறுகள், தன்வரலாறுகள், ஆய்வேடுகள் எனப் பலவகை எழுத்துகள் அச்சாகின்றன. பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களும், தமிழ் பயின்ற இளைஞர்களும் எந்நிறுவனத்தையும் சாராமல் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தித் தருகின்றனர். இவர்களைத் தன்னுரிமைத் திருத்துநர் என்று குறிக்கலாம். நிறுவனத்தின் துணை இருபுறமும் இல்லாதபோது, எழுதியவரும் திருத்துநரும் தொடக்கத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்வது இன்றியமையாததாகிறது.

முதலில் எழுத்து முழுமையடைந்திருக்க வேண்டும். பாதி எழுதிய நூலைத் திருத்தக் கொடுத்துவிட்டு நாள்தோறும் புதிய பத்திகளை அனுப்புவது, விதைநேர்த்தி முடிந்த நெல்லில் பதரைக் கலப்பதற்கு ஒப்பாகும். அடுத்து, பார்வைப்படியாக நான்கைந்து பக்கங்களைத் திருத்தித் தரக் கேட்கலாம். பலர் முதல் இயலின் தொடக்கப் பக்கங்களை இதற்குக் கொடுக்கின்றனர். எழுதியவர் பலமுறை திருத்தி மெருகேற்றியிருப்பது அப்பக்கங்களையே. ஆதலால் திருத்துநரின் திறமும் தெரியாது, நூலின் உண்மை நிலையும் அவருக்குத் தெரியாது. நடுவிலிருந்து எடுத்த பக்கங்களே பொருத்தமானவை. பார்வைப்படி நான்கைந்து பக்கங்களைக் கடந்து நீளுமானால் அதற்கும் ஊதியம் தருவதே முறை.

திருத்தி வந்த பக்கங்களைப் பார்க்கும்போது எத்தனை பிழைகள் நீங்கின என்று எண்ணுவது மட்டும் போதாது. பிழையல்லாத எவற்றை அவர் மாற்றினார் என்பதையும் காண வேண்டும். எடுத்துக்காட்டாக, முதிய உழவர் ஒருவர் தம் வாழ்க்கையை எழுதுகிறார்: 'எங்களுக்கு வெட்டாற்றுப் பாசனத்தில் ஒரு வேலியும் மூன்று மாவும் இருந்தன.' காவிரிப் படுகையில் வேலியும் மாவும் நில அளவைகள். 20 மா கொண்டது ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இதனை அறியாத திருத்துநர் வேலியை முள்வேலியாகவும் மாவை மாமரமாகவும் கொண்டு, 'மூன்று மாமரங்கள்' என்று திருத்திவிடக்கூடும். வெட்டாறு என்பது வெண்ணாற்றிலிருந்து பிரியும் தனி ஆறு. அதனை எழுத்துப்பிழை என்று கருதி 'வெண்ணாறு' ஆக்கினால், அக்குடும்பத்தின் நிலம் வேறோர் ஆற்றின் கரைக்குப் போய்விடும். இலக்கணம் தவறாத தொடர்தான். ஆனால் செய்தி முழுதும் பொய். குறுவை, தாளடி, தலைமடை, கடைமடை, கண்ணாறு போன்ற சொற்கள் வரும் எழுத்தை அப்பகுதியின் வேளாண்மை அறிந்தவரிடம் ஒப்படைப்பதோ, அறியாதவராயின் ஐயம் எழும் இடங்களைத் திருத்தாமல் ஓரத்தில் வினாக்குறி இடுமாறு கேட்டுக்கொள்வதோ நன்று. சாமிநாதர் சமணரின் இல்லம் தேடிச் சென்றதும் இதன் பொருட்டே.

ஓரத்து வினாக்குறி திருத்துநரின் அறியாமையைக் காட்டுவதாகச் சிலர் கருதுகின்றனர். உண்மையில் ஒரு வினாவும் எழுப்பாமல் நூறு பக்கங்களைத் திருப்பி அனுப்பும் திருத்துநரைக் குறித்தே ஐயுற வேண்டும்.

ஊதியத்தைப் பக்கக் கணக்கில் பேசுவது பழைய வழக்கம்; 16 பக்கம் கொண்ட 'பாரம்' என்னும் அச்சகக் கணக்கும் உண்டு. கணிப்பொறியில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணிக்கை மாறிவிடும். எனவே சொற்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்வது இருவருக்கும் நேர்மையானது. எத்தனை முறை மெய்ப்பு பார்க்க வேண்டும் என்பதையும் எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மெய்ப்பில் சுட்டிய திருத்தங்கள் செய்யப்பட்டனவா, செய்தபோது புதுப்பிழை புகுந்ததா என்று காண்பதற்கு இரண்டாம் மெய்ப்பு கட்டாயம் தேவை. ஒரு வரியைத் திருத்தும்போது அடுத்த வரி சிதைவது அச்சுக்கோப்புக் காலத்திலும் உண்டு. கணிப்பொறிக் காலத்திலும் உண்டு. முன்பணம், முடிக்கும் நாள், எஞ்சிய தொகை தரும் நாள் ஆகியவற்றைச் சிறு கடிதமாக எழுதி இருவரும் வைத்துக்கொண்டால் போதும். தமிழ்ப்பணிக்கு ஊதியம் பேசுவது இழிவு என்னும் எண்ணம் நெடுங்காலமாக நிலவுகிறது. நாற்று நடுபவரின் கூலியை மாலையில் கொடுத்துவிடும் ஊரில், எழுத்தைத் திருத்தியவர் தம் ஊதியத்தைக் கேட்டுப் பலமுறை நடக்கும் நிலை வருந்தத்தக்கது.

வேலை தொடங்கும்போதே ஒரு நடைத்தாள் உருவாக்கிக்கொள்வது பயன் தரும். காவிரியா காவேரியா, தஞ்சையா தஞ்சாவூரா, கும்பகோணமா குடந்தையா, ஆண்டுகளை எவ்வாறு குறிப்பது, வடசொற்களை எவ்வளவு தமிழ்ப்படுத்துவது என்பவற்றை அத்தாளில் எழுதிவைத்தால், நூல் முழுவதும் ஒரே வழக்கு நிலைபெறும். இவற்றுள் எது சரி என்பதினும், ஒரே நூலில் இரண்டும் மாறி மாறி வாராமையே முதன்மையானது. ஆட்பெயர்களையும் ஆண்டுகளையும் தொகைகளையும் சரிபார்க்கும் பொறுப்பு எழுதியவருடையது. நன்கொடையாளர் பட்டியலில் ஒரு முதலெழுத்து மாறிவிட்டால், மலரின் நாற்பது கட்டுரைகளும் பிழையின்றி அமைந்தும் பயனில்லாமற் போவதைக் குடமுழுக்குக் குழுவினர் நன்கு அறிவர்.

எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள்கள் இப்போது தமிழிலும் உள்ளன. அகராதியில் இல்லாத வடிவத்தை அவை விரைவாகச் சுட்டுகின்றன. ஒரு சொல் பிழையாகி மற்றொரு நல்ல சொல்லாகிவிடும்போது அவற்றுள் பல தடுமாறுகின்றன. 'விளைநிலம்' என்பது 'விலைநிலம்' ஆனால், பயிர்செய்யும் வயல் விற்பனைக்கு வந்துவிடும். 'களையெடுத்தல்' 'கலையெடுத்தல்' ஆவதும், 'உழவர்' 'உளவர்' ஆவதும், தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' குப்பையைக் குறிக்கும் 'கூளம்' ஆவதும் இத்தகையனவே. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலினைக் கொடுத்தான். ஓர் ஒற்றில் பணியாளன் படைவீரனாகிவிடுகிறான். எண்கள் இன்னும் இடர் தருபவை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அது ஜூன் 21 என்று அச்சானால் எந்த மென்பொருளும் முணுமுணுக்காது. குறுவைக்கு நாற்றுவிட நாள் குறிக்கும் உழவர்தான் ஒன்பது நாள்களை இழப்பார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்துவிடுவது போன்ற புதிய பிழைகளும் தோன்றியுள்ளன. மென்பொருளை முதலில் ஓடவிட்டு, பின்னர் மனிதரிடம் கொடுப்பதே சிக்கனமான வழி. கூலம் போகட்டும், கூளத்தைப் பொறுக்கவே திருத்துநரின் நேரமெல்லாம் செலவாகிவிடக் கூடாது.

திருத்தங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் எழுதியவருக்கு இல்லை. கணிப்பொறியில் மாற்றங்களைத் தடம் காட்டும் வசதி உண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ செய்யலாம். தாளில் திருத்துவோர், ஒருமுறை அடித்ததை மீண்டும் இருக்கட்டும் என்று குறிக்க அச்சொல்லின் கீழ்ப் புள்ளிகள் இடுவர். பேச்சுவழக்கில் அமைந்த உரையாடலை எழுத்துவழக்காக்கிய திருத்துநரிடம் அப்புள்ளிகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் காரணம் கூறாமல் எல்லாத் திருத்தங்களையும் மறுப்பவருக்குத் திருத்துநர் தேவையில்லை.

மாணவர்க்கு இதில் ஓர் எல்லை உண்டு. மதிப்பெண்ணுக்காக எழுதும் கட்டுரையைக் கூலி கொடுத்துத் திருத்தச் செய்வது, தம் திறத்தை அளக்கும் கருவியைத் தாமே வளைப்பதாகும். ஆய்வேடு எழுதுவோர் நெறியாளரின் ஒப்புதலோடு எழுத்துப்பிழைகளையும் தொடர்ப்பிழைகளையும் திருத்துநரிடம் கொடுத்து நீக்கலாம். கருத்தையும் சான்றையும் முடிவையும் அவர் தொடுதல் ஆகாது. உதவி பெற்ற செய்தியை நன்றியுரையில் குறிக்க வேண்டும். திருத்துநர் தம் பெயர் வேண்டா என்று கூறுவதும் உண்டு. அவர் பரிந்துரைத்த மாற்றங்களை ஏற்காமல் நூல் வெளிவரும்போது, எஞ்சிய பிழைகள் தம் பெயரில் சேரும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவரிடம் கேட்டபின் அச்சிடுவதே முறை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் கோயில் மலர் அல்லது பள்ளி மலர் ஒன்றின் நான்கு பக்கங்களை நண்பருடன் இணைந்து படிக்க. ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் எழுத்தைப் பார்த்துப் பிழைகளைக் குறிக்க. பின்னர் இடம் மாறி அதே பக்கங்களை மீண்டும் படித்து, முதல்முறை தப்பிய பிழைகளை எண்ணுக.

உங்கள் வீட்டு முதியவரிடம் கேட்டு, உங்கள் பகுதியில் வழங்கும் வேளாண் சொற்கள் அல்லது தொழிற்சொற்கள் இருபதனைத் தொகுக்க. அவற்றுள் வெளியூர்த் திருத்துநர் ஒருவர் பிழையெனக் கருதக்கூடியவை எவை என்று காரணத்துடன் எழுதுக.

உங்கள் பள்ளி ஆண்டுமலரைத் திருத்தித் தருமாறு தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு மாணவர் ஆசிரியர் குழுவின் சார்பில் கடிதம் எழுதுக. பணியின் எல்லை, சொற்களின் எண்ணிக்கை, முடிக்கும் நாள், மதிப்பூதியம் ஆகியன அதில் இடம்பெறுதல் வேண்டும்.